பருந்து இறங்கும் இடம்

1

இதைச் சந்தோஷமான கதையாக எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். அதை இப்போதே ஒப்புக்கொள்கிறேன். மீஞ்சூரில் அறிவியல் டீச்சர் நான். தை மாதத்தில் பழவேற்காடு ஏரிக்குப் போய்ப் பருந்து, கழுகு, வல்லூறுகளைக் கணக்கெடுப்பேன். போன வருஷம் படகில் வந்த ஒரு மீனவப் பெண், என் பைனாகுலருக்குப் பிடிபடாத பறவையை வெறும் கண்ணால் பார்த்துப் பெயர் சொன்னாள். கதை சிக்கிவிட்டது என்று நினைத்தேன்.

முதல் தொடக்கம்: ‘ஏரியின் மேல் பொன்வெயில் உருகி வழிந்த’ (அடித்துவிட்டேன். அன்று மேகமூட்டம்.)

இரண்டாவது: ‘பள்ளிக்கூடமே பார்க்காத அந்தப் பெண்ணுக்கு’ (பொய். கலைவாணி பத்தாவது வரை படித்தவள்.)

2

நடந்ததையே எழுதுகிறேன். படகு தருமலிங்கத்துடையது. கலைவாணி அவருடைய தம்பி மனைவி. இறால் கூடையோடு அக்கரைக்குப் போக ஏறியிருந்தாள். வானத்தில் ஒரு புள்ளி தெரிந்தது.

“கருடன் இல்ல டீச்சர். கள்ளப்பருந்து. வால் நடுவுல பள்ளமா கீது பாருங்க.”

பார்த்தேன். சரியாகத்தான் சொன்னாள்.

“அதோ கழி மேல குந்திக்கினு கீதே, அது மீனு மட்டுந்தான் தொடும்.”

விராலடிப்பான், மீன்பிடிப் பருந்து. குறித்துக்கொண்டேன்.

“இன்னா கண்ணு உனக்கு! யாரு கத்துக் குடுத்தாங்க?” என்று கேட்டேன்.

தருமலிங்கம் கழி ஊன்றுவதை நிறுத்தினார்.

“யாரும் கத்துக் குடுக்கல. மூணு வருஷம் முன்ன எங்க வூட்டுக்காரு போன படகு முகத்துவாரத்துல கவுந்துடுச்சி. ஒம்போது நாளு கரையிலயே நின்னேன். பருந்து எங்க எறங்குதோ அங்க ஓடுவேன். மீன் பருந்துன்னா திரும்பிடுவேன். கள்ளப்பருந்து கூட்டமா எறங்குனா…”

(இந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நான் ஆறு விதமாக முடித்துப் பார்த்தேன். ஆறையும் கிழித்துப் போட்டேன்.)

அவள் கணவன் கவியரசன் கிடைக்கவேயில்லை.

“செத்துட்டார்னு எழுதித் தர ஏழு வருஷம் ஆவணுமாம். பொட்டு வெச்சாலும் பேசுறாங்க, வெக்காட்டியும் பேசுறாங்க.”

3

இந்தக் கதையில் ஒருத்தியின் மேல் எனக்குச் சந்தேகம். கலைவாணி மேல் இல்லை, அந்த டீச்சர் மேல். இவ்வளவையும் கேட்டுக்கொண்டே அவள் நோட்டில் ‘கள்ளப்பருந்து 1’ என்று எழுதினாள்.

எழுதினேன்.

4

கொஞ்ச தூரம் போனதும் ஒரு மணல்திட்டின் மேல் கள்ளப்பருந்துகள் வட்டமிட்டன. பதினான்கு. ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன.

“மாமா, அங்க வுடு.”

“மூணு வருஷம் ஆயிடுச்சும்மா.”

“வுடு மாமா.”

படகு தரை தட்டும் முன்பே முழங்கால் தண்ணீரில் குதித்து ஓடினாள். பறவைகள் எழும்பி விலகின. நான் பின்னால் போய்ப் பார்த்தபோது, ஓடு உடைந்த ஒரு கடலாமை கிடந்தது. கலைவாணி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உட்கார்ந்து, இரண்டு கையாலும் மணலை அள்ளி அதன் மேல் போட ஆரம்பித்தாள். தருமலிங்கமும் வந்து அள்ளினார். கடைசியில் நானும் அள்ளினேன். பறவைகள் சற்றுத் தள்ளி மணலில் உட்கார்ந்து காத்திருந்தன. ஆமை முழுவதும் மறைய அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

கை கழுவிக்கொண்டு படகில் ஏறினாள்.

“ஆமை” என்றாள்.

(முதல் பிரதியில் இங்கே ‘நிம்மதியோடு’ என்று எழுதினேன். அடுத்ததில் ‘ஏமாற்றத்தோடு’. அந்தக் குரலில் இருந்தது எது என்று எனக்குத் தெரியவில்லை.)

5

முடிவுகள் இரண்டு எழுதிவைத்திருக்கிறேன். ஒன்றில் கவியரசன் ஆந்திரப் பக்கம் கரையேறிப் பிழைத்து, ஒருநாள் எல்லையிலுள்ள எளாவூர் செக்போஸ்ட்டில் லாரியிலிருந்து இறங்குகிறான். இன்னொன்றில் உடல் கிடைக்கிறது. கலைவாணி வாய்விட்டு அழுகிறாள். காரியம் நடக்கிறது.

எழுதலாமா என்று அவளைப் போனில் கேட்டிருந்தேன்.

“எழுதுங்க. பேரு மட்டும் மாத்தாதீங்க.” பிறகு கேட்டாள்: “கதையில அவரு கெடைக்கிறாரா டீச்சர்?”

“இன்னும் முடிவு பண்ணல.”

“எப்டி கெடைச்சாலும் செரி. முடிச்சிட்டு சொல்லுங்க.”

இந்த மாதம் இரண்டு முறை கூப்பிட்டாள். நான் எடுக்கவில்லை. காகிதங்கள் இரண்டும் மேசையில்தான் இருக்கின்றன. இரண்டு முடிவையும் நீங்கள் படித்துவிட்டீர்கள். நாளைக் காலையில் அவள் மறுபடியும் கூப்பிடுவாள்.

நீங்கள் எடுத்துப் பேசுங்கள்.