ஹஸ்னா சொன்ன சாட்சி

என் தங்கை பஃப்ரீனை எங்கள் ஊரான சிஞ்சாரிலிருந்து பிடித்துப் போனபோது அவளுக்குப் பதினான்கு வயது. கறுப்புக்கொடி தூக்கிய தீவிரவாதிகள் விற்பனைப் பட்டியல் போட்டு, ஐந்து வருடத்தில் ஆறு வீடுகளுக்கு அவளைக் கைமாற்றினார்கள். பெயரையும் மாற்றி ஹஸ்னா என்று வைத்தார்கள். மீண்டு வந்தபின் மூன்று வருடமாக தஹோக் நகருக்குப் பக்கத்து அகதி முகாமில் என்னோடு இருக்கிறாள்.

இருக்கிறாள் என்பதே பாதி உண்மைதான். ரொட்டி சுட்டுக்கொண்டிருப்பாள். வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் முகம் மாறிவிடும். சுவரைப் பார்த்து நின்று, "தண்ணி குடிக்கலாமா?" என்று எங்கள் குர்மாஞ்சி மொழியில் இல்லாமல், அவர்கள் பேசிய அரபியில் கேட்பாள். ஒரு மணி நேரம் கழித்து, "ரொட்டிய ஏன் கருக விட்ட?" என்று என்னை அதட்டுவாள்.

"ஜின்னு பிடிச்சிருக்கு" என்றாள் நோஃபா அத்தை. எங்கள் புனித லாலிஷ் கோயிலுக்குப் போய்ப் பட்டுத்துணியில் முடிச்சுப் போட்டு வேண்டிக்கொண்டோம். அக்கம்பக்கத்தில், நடிக்கிறாள் என்றார்கள். சலித்துப்போன ஒரு மதியம் நானும் அதையே சொன்னேன்.

"போதும்டி, நடிக்காத!"

கையையும் ஓங்கிவிட்டேன். அவள் அசையவில்லை. அரபியில் நிதானமாகச் சொன்னாள்: "அவள அடிக்காத. அவ இங்க இல்ல. அடி வாங்குறது எப்பவும் நான்தான்."

மறுநாள் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். மனநல டாக்டர் ரேஸான் பல வாரம் அவளோடு பேசியபின் என் பெயர் சொல்லி என்னைத் தனியாக அழைத்தார்.

"ஜின்னும் இல்ல, நடிப்பும் இல்ல, சேவே. அப்போ சின்னப் பொண்ணு, தப்பிக்க வழியில்ல. ஒரே ஆளா தாங்க முடியாம மனசு பங்கு பிரிச்சுக்கிச்சு. ஹஸ்னாவ விரட்டாத. உன் தங்கச்சி உயிரோட வந்ததே அவளாலதான்."

"எத்தன மாசத்துல சரியாகும் டாக்டர்?"

"வருஷக் கணக்குல கேளும்மா."

போன மாதம், அவர்கள் மீதான வழக்குக்கு வாக்குமூலம் வாங்க ஓர் அதிகாரி இரண்டாவது முறையாக வந்தார்; டாக்டரும் கூட இருந்தார். பஃப்ரீனுக்கு முதல் வீடு மட்டுமே ஞாபகம் இருந்தது.

"போன தடவ வேற மாதிரி சொன்னியே?" என்று பேனாவை மூடினார்.

டாக்டர் அவரைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, பஃப்ரீனிடம் சம்மதம் கேட்டார். அவள் தலையசைத்தாள். "ஹஸ்னா, விருப்பம்னா பேசு. இங்க யாரும் அடிக்க மாட்டாங்க."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். பிறகு அரபி வந்தது. ஆறு வீடுகள், தெருக்கள், பட்டியல் எழுதியவன் பெயர். கூடவே அடைபட்டிருந்து நான்காவது வீட்டில் இறந்துபோன சிலான் என்ற பெண். இரண்டு மணி நேரம் எழுதினார் அதிகாரி. ஒருமுறைகூட நிமிரவில்லை.

பஃப்ரீன் தன் நினைவுக்குத் திரும்பியதும், கையெழுத்துக்கு முன் அதை நான் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. பாதியில் நிறுத்தினாள்.

"இதெல்லாம் எனக்கா நடந்துச்சு, அக்கா?"

"ஆமா."

அழுவாள் என்று பயந்தேன். அவள் அதிகாரியைப் பார்த்தாள். "சிலானோட அம்மாகிட்ட சொல்லியாச்சா?"

"இன்னும் இல்ல."

"நான் சொல்றேன்."

அந்த அம்மா பக்கத்து முகாமில்தான் இருந்தாள். எட்டு வருடமாக மகள் வருவாள் என்று காத்திருந்தவள். பஃப்ரீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு குர்மாஞ்சியில் தொடங்கினாள். நான்காவது வீடு வந்ததும் குரல் மாறி அரபிக்குப் போனது. அந்தத் தாய்க்கு அரபி தெரியாது. நான் நடுவில் உட்கார்ந்து, ஹஸ்னா சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வார்த்தையாக எங்கள் மொழியில் சொல்லிக்கொண்டிருந்தேன்.