இஸ்ஹாக் கானில் விழுந்த விதம்

எங்கள் தெருவில் நான் பார்க்காமல் போன விஷயங்கள் குறைவு. இஸ்ஹாக் அடிபட்டது அதில் ஒன்று. அன்றைக்கென்று பார்த்து நான் கற்பிட்டியில் ஒரு கலியாண வீட்டில் இருந்தேன். திரும்பி வந்தபோது தில்லையடிச் சந்தி வழக்கம்போலத்தான் இருந்தது. பாண் கடை பதுர்தீன் மட்டும் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். மனிதர் விளக்குமாற்றைத் தொட்டு நான் அதற்கு முன் கண்டதில்லை. ஏதோ நடந்திருக்கிறது என்று அதிலேயே விளங்கிவிட்டது.

இஸ்ஹாக் என் மதிலுக்கு அந்தப் பக்கத்து வீடு. ஆட்டோ ஓட்டுகிறவர். பாண் கடைக்கு முன்னால் ஆட்டோவை நிறுத்தியதற்கு ஒரு கான்ஸ்டபிள் ஏதோ சொல்லியிருக்கிறார். இவரும் ஏதோ சொல்லியிருக்கிறார். பிறகு அறை. ஒன்றல்ல. இடது காது கேளாமல் போய்விட்டது. பொலிஸ் புத்தகத்தில், கானில் விழுந்து காயப்பட்டார் என்று எழுதிவிட்டார்கள். கடைக்கு முன்னால் போகிற அந்தக் கழிவுநீர்க் கான் அப்போது காய்ந்து, ஷொப்பிங் பையால் நிரம்பிக் கிடந்தது. அதில் விழுகிறவருக்குச் செருப்புப் போகலாம், காது எப்படிப் போகும்?

கடையடியில் நின்றவர்கள் ஒருவரும் எதையும் காணவில்லை. "நான் உள்ளுக்கு நிண்ட," என்றார் பதுர்தீன். கடை ஓர் அலுமாரி அகலம். அதில் உள்ளே எது, வெளியே எது என்று அவருக்குத்தான் தெரியும். தெருக்கோடி முனவ்வரா றாத்தாவும் அங்கே இராச்சாப்பாட்டுக்குப் பாண் வாங்கிக்கொண்டு நின்றவர்தான். அவருக்கு அந்த நேரம் பார்த்துக் கண்ணில் தூசு விழுந்ததாம்.

இஸ்ஹாக் பேச்சைக் குறைத்தார். ஆட்டோ முற்றத்தில் நின்று கோழிகளுக்குக் கூடாகியது. அவர் கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருப்பார். கோபமில்லை, அழுகையில்லை. மனைவி றம்லா சோற்றைக் கையில் கொடுத்தால் சாப்பிடுவார்; கொடுக்காவிட்டால் கேட்கவும் மாட்டார். ஒரு நாள் மதிலுக்கு மேலால் நானே கேட்டுவிட்டேன்.

"காக்கா, உண்மையா என்ன நடந்த?"

"விழுந்துட்டன் போல," என்றார்.

"போலயா?"

"எல்லாரும் அப்பிடித்தானே சொல்றாங்க."

றம்லா அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. அந்தக் கிழமைதான் அவள் மனித உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதிப் போட்டாள். நட்டஈடு கேட்கவில்லை, கான்ஸ்டபிளை மறியலில் அடைக்கச் சொல்லவுமில்லை. "இவரு விழல்ல எண்டு எங்கயாவது ஒரு இடத்தில எழுதணும்," என்றாள் என்னிடம். "அத இவருக்கு வாசிச்சிக் காட்டணும். இல்லாட்டி இவரே நம்பிருவாரு."

ஆணைக்குழுவில் இருந்து விசாரிக்க வருகிற செய்தியைத் தெருவுக்குச் சொன்னது யாரென்று கேட்கத் தேவையில்லை. ஆனால் நான் சொன்னது, "வேன்ல ஆக்கள் வாறாங்க, பேர் எழுதுவாங்க," என்று மட்டும்தான். மிச்சத்தைத் தெரு தானே போட்டுக்கொண்டது. அகதி முகாமில் கொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம்: வேனில் வந்து பெயர் எழுதினால் பின்னால் சாமான் வரும். அரிசி, பருப்பு, கூரைக்குத் தறப்பாள். ஒரு தடவை ஏனென்று தெரியாமல் கோழிக்குஞ்சும் வந்தது. கொட்டில் வீடாகி, சில வீடு மாடியுமாகிவிட்டது. பழக்கம் மட்டும் இன்னும் தறப்பாளுக்குக் கீழேயே இருக்கிறது.

வேன் வந்து நின்றபோது றம்லாவின் முற்றத்தில் நீட்டு வரிசை. எல்லார் கையிலும் அடையாள அட்டைப் போட்டோகொப்பி. மாடி வீட்டு றிஸ்வி ஹாஜியாரும் நின்றார். "நான் சும்மா பாக்க வந்த," என்றார், கொப்பியைச் சட்டைப்பைக்குள் தள்ளிக்கொண்டே.

வந்த அதிகாரி சுஜாந்தி, உடப்பு ஊர்ப் பக்கத்துப் பிள்ளை. வரிசையைக் கண்டதும் முகம் மலர்ந்தது. இத்தனை சாட்சியா என்று நினைத்திருக்கும். பாவம்.

முதலில் இஸ்ஹாக்கின் வலது பக்கமாகக் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்டைக்கு என்ன ஐயா நடந்தது?"

"தெரியா மிஸ். விழுந்தன் எண்டு சொல்றாங்க."

பேனை எழுதாமல் நின்றது. றம்லா நிலத்தைப் பார்த்தாள். உதவி செய்வோமே என்று நான் முன்னால் போனேன்.

"நீங்க கண்டீங்களா?"

"கண்ட மாதிரித்தான்."

"கண்டீங்களா?"

"கேள்விப்பட்ட."

மிக மரியாதையாக என்னை ஓரமாக இருக்கச் சொன்னாள். என் பேச்சை ஒருவர் இவ்வளவு சுருக்காக முடித்து நான் அறியேன்.

பிறகு வரிசையில் நின்றவர்களைக் கேட்டாள். பதுர்தீன் உள்ளே நின்றவராம். றிஸ்வி ஹாஜியார் அன்று கொழும்பில். வெயில் ஏறியது. வரிசையிலிருந்து பதுர்தீன்தான் கேட்டார்.

"மிஸ், அப்ப சாமான் எப்ப வரும்?"

பிள்ளைக்கு அப்போதுதான் விளங்கியது. "சாமான் இல்ல ஐயா. நாங்க ரெண்டு பக்கத்தையும் விசாரிப்பம். ஒருத்தர்ட உரிமை மீறப்பட்டிருக்கெண்டு கண்டா, என்ன செய்யோணும் எண்டு பரிந்துரை அனுப்புவம்."

"பரிந்துரையா?" பதுர்தீன் யோசித்தார். "அத எங்க குடுத்து மாத்துற?"

"மாத்த ஏலாது ஐயா."

"பொலிஸ்காரன உள்ள போடுவீங்களா?"

"அது கோர்ட் வேல. நாங்க கோர்ட் இல்ல."

"அப்ப என்னத்துக்குப் புள்ள இந்த வெயிலுக்க வந்தீங்க?"

வரிசை கலையத் தொடங்கியது. முனவ்வரா றாத்தா அடுப்பில் உலையை வைத்துவிட்டு வந்தவர். அவருக்குத் தாங்கவில்லை.

"ஏழைக்கு ஒண்டுமே இல்ல! அண்டைக்கி அந்த மனிசன் இவருக்கு அடிக்கக்குள்ள, இவரு என்ட மேல சாஞ்சி, என்ட பாண் அவ்வளவும் கானுக்குள்ள. சுடச்சுடப் பாண்! புள்ளையள் வெறும் தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்த. அதுக்கும் பரிந்துரைதானா?"

பேனை மறுபடி ஓடத் தொடங்கியது. சுஜாந்தி தலையை நிமிர்த்தவில்லை.

"யாரம்மா அடிச்சது?"

"அந்த மீசக்காரக் கான்ஸ்டபிள்தான். பாணப் பொறுக்கக் குனிஞ்சி நிமிர்றன், இன்னும் அடிக்கான்."

"இவர் விழுந்தாரா?"

"அவரெங்க விழுந்த? பதுர்தீன்ட கண்ணாடிப் பெட்டியப் புடிச்சிட்டெல்லோ நிண்ட."

"புடிச்சல்ல, இடிச்ச!" பதுர்தீனுக்கு வாய் நிற்கவில்லை. "கண்ணாடி வெடிச்சி, இன்னும் டேப் ஒட்டித்தான் வச்சிருக்கன்." சொன்ன பிறகுதான் உதட்டைக் கடித்தார்.

சுஜாந்தி எழுதியதை வாசித்துக் காட்டி, கையெழுத்துக் கேட்டாள்.

"வச்சா?" என்றார் முனவ்வரா றாத்தா.

"பாணுக்கு ஒண்டும் வராதும்மா. சொன்னது உண்மை எண்டு இருக்கும். அவ்வளவுதான்."

றாத்தா இஸ்ஹாக்கைப் பார்த்தார். அவர் யாரோ வேறொரு மனிதனின் கதையைக் கேட்கிறவர்போல வாயைச் சற்றே திறந்துகொண்டு இருந்தார்.

"வராட்டிப் போகுது," என்று வைத்தார்.

பதுர்தீனுக்கு நேரம் எடுத்தது. காலையில் பொலிஸ்காரர்கள் அவர் கடையில்தான் தேநீர் குடிக்கிறவர்கள். "கண்ணாடி வெடிச்சத மட்டும் எழுதுங்க மிஸ்," என்றார்.

"எப்பிடி வெடிச்சதெண்டும் எழுதோணுமே ஐயா."

தொப்பியைக் கழற்றி, திரும்பப் போட்டார். "எழுதுங்க."

மற்றவர்கள் அதற்குள் போய்விட்டார்கள். ஹாஜியார் எப்போது போனார் என்று எனக்கே தெரியாது.

பரிந்துரை வர ஒரு மழைக்காலம் போனது. கான்ஸ்டபிள் மீது ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கவும், இஸ்ஹாக்குக்கு நட்டஈடு கொடுக்கவும் ஆணைக்குழு சொல்லியிருந்தது. பொலிஸ் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. மீசைக்காரர் சந்தியில்தான் நிற்கிறார். தேநீர் மட்டும் வேறு கடையில்.

கடிதம் வந்த அன்று நான் மதிலடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஈரமான உடுப்பு அதிகமில்லை. அவர்களுடைய ஜன்னல் எனக்கு நேர். றம்லா அவருடைய வலது பக்கம் உட்கார்ந்து வாசித்தாள். விழுந்ததால் அல்ல, தாக்கப்பட்டதால் என்ற வரியைத் திரும்பவும் வாசித்தாள். நான் காய்ந்த சட்டையையே திரும்பவும் பிழிந்தேன்.

"எழுதிருக்காங்களா?" என்றார் இஸ்ஹாக்.

"எழுதிருக்காங்க."

"நான் விழல்ல."

"விழல்ல."

"அப்ப அடிச்சித்தான் இரிக்கான்," என்றார், அடுத்த ஊரில் நடந்ததைச் சொல்வதுபோல.

பிறகு எழும்பிப் போய்ப் பாயில் படுத்தார். றம்லா சோறு போட்டுவிட்டுக் கூப்பிட்டாள். அவர் எழும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிடப் போனவள் நிறுத்திக்கொண்டாள். அவர் கண்ணைத் திறந்தபடிதான் கிடந்தார். கேட்கிற காதைத் தலையணையில் வைத்து அழுத்திக்கொண்டு.