செவ்வாய்க்கிழமைச் சிரிப்பு

போக்கா மான்ஸா ஊர்க் காவல் நிலையத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு நான்கு ஆண்கள் சிரித்த சிரிப்பு பத்தொன்பது வருஷம் நிற்கவில்லை. சிரித்தவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டார்கள். சிரிப்பு மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. மேசை இழுப்பறையைத் திறந்தால் பெரிதாகக் கேட்கும், மூடினால் அமுங்கும். மழைக்காலத்தில் சுவர் ஊறினால் சளிபிடித்த தொண்டைபோலக் கரகரக்கும். பாதிரியார் மந்திரித்த தண்ணீர் தெளித்துப் பார்த்தார். அது ஒரு நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிறகு அவரையும் சேர்த்துச் சிரித்தது.

அன்றைக்கு நடந்தது இதுதான். ஆற்றுத்துறையில் மரவள்ளி அடை சுட்டு விற்கும் எதுவீனா, தன் மகன் லிசாந்த்ரோவைக் கையைப் பிடித்து நிலையத்துக்குக் கூட்டிவந்தாள். பையனுக்குப் பதிமூன்று வயது. பள்ளிக்கூடம் விட்டதும் மரக்கடைக்காரி ஓபுலியாவிடம் வேலைக்குப் போவான்; அந்த அம்மாளுக்கு முப்பத்தாறு வயது. மூன்று மாதமாக அந்த வீட்டுக்குள் அவள் தன்னை என்ன செய்தாள் என்பதை முந்தின நாள்தான் தாயிடம் சொன்னான், சொல்லிவிட்டு வாந்தியெடுத்தான். எழுத்தர் பிலேமோன் பேனாவை மைக்கூட்டில் தொட்டவர், யார் மேல் புகார் என்று அவள் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சார்ஜெண்ட் உர்பானோ நாற்காலியைப் பின்னால் சாய்த்தார்.

"எதுக்குடா அழுவுற? உன் வயசுல எங்களுக்கெல்லாம் இப்படி ஒரு யோகம் அடிக்கலையேடா!"

"ஐயா, சட்டத்துல பதினாறுக்குக் கீழ உள்ள பிள்ளைன்னுதானே போட்டிருக்கு? இவன் பிள்ளை இல்லையா?" என்றாள் எதுவீனா.

"இது பொம்பளப் பிள்ளைங்க புத்தகம்மா. பாவாடையைக் கட்டிக் கூட்டிட்டு வா, எழுதிக்கறேன்" என்றார் பிலேமோன். அப்போதுதான், அங்கே நின்ற இரண்டு காவலர்களும் சேர்ந்து, நால்வருமாகச் சிரித்தார்கள்.

அது நீல நாடா கட்டிய புத்தகம். முந்தின வாரம்தான், பதினைந்து வயசுப் பெண்ணோடு படகேறி ஓடிய பத்தொன்பது வயசு மீனவனை அதில் எழுதி ஆறு வருஷம் உள்ளே அனுப்பியிருந்தார்கள். எழுதக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த ஊரில் ஒரு புகார் செல்லுபடியாக வேண்டுமானால், எழுத்தர் அதைத் தெருப்பக்க ஜன்னலில் நின்று உரக்க வாசிக்க வேண்டும், தெருவில் போகிறவர்கள் கேட்டதற்கு அடையாளமாகத் தொப்பியைக் கழற்ற வேண்டும். ஓபுலியாவின் பேரை அப்படி வாசிக்க பிலேமோனுக்கு வாய் வரவில்லை. ஊரும் சிரிக்குமே என்று நினைத்தார். ஊர் சிரித்திருக்கும், அதுவும் உண்மைதான்.

எதுவீனா அடுத்த செவ்வாயும் வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து "எழுதுங்க" என்றாள். அதற்கடுத்த செவ்வாயும் வந்தாள். அப்படியே பத்தொன்பது வருஷம். சிரிப்பு அவள் காதோரம் வந்து சிரிக்கும். அடைக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருப்பாள். சிரித்த நால்வருக்கும் அதன்பிறகு சிரிப்பு வரவில்லை. இருந்ததெல்லாம் அங்கே தங்கிவிட்டதே, எங்கிருந்து வரும்? கல்யாண வீடுகளில் வாயைத் திறந்து பல்லைக் காட்டுவார்கள், சத்தம் இராது. லிசாந்த்ரோவுக்கோ, ஊரில் எந்த மூலையில் நின்றாலும் அது அடுத்த அறையில் கேட்பதுபோலக் கேட்டது. கடைத்தெருப் பக்கமே வராமல் ஆற்றங்கரை வழியாகப் போய்வந்தான். இருபத்தொரு வயதில் ஒரு நாள் கழுத்தளவு தண்ணீர்வரை இறங்கிப்போனான். தண்ணீருக்குள் சிரிப்பு இன்னும் சத்தமாகக் கேட்டதால் திரும்பிவந்தான். அன்று ஈரத்துணியோடு நின்றவனுக்கு எதுவீனா தலை துவட்டிவிட்டாள். புகாரை எழுதும்வரை இவன் தனக்கு நிலைக்கமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

ஓபுலியா பன்னிரண்டாம் வருஷம் சொந்தக் கட்டிலில் நிம்மதியாகச் செத்துப்போனாள். பேண்டு வாத்தியத்தோடு எடுத்தார்கள்.

"அவதான் செத்துட்டாளே, இனிமே எதுக்கும்மா?" என்றார் பிலேமோன்.

"என் பிள்ளை உசுரோடதானே இருக்கான்? எழுதுங்க."

பத்தொன்பதாம் வருஷம் பிலேமோனுக்குப் பேத்தி பிறந்தாள். ஏழாம் மாதத்தில் குழந்தை அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. அவர் பதிலுக்கு வாயைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லாத அந்த வாயைப் பார்த்துக் குழந்தை வீறிட்டு அழுதது. மறுநாள் செவ்வாய்க்கிழமை. எதுவீனா வாயைத் திறக்குமுன்பே பிலேமோன் நீல நாடாவை அவிழ்த்தார். லிசாந்த்ரோ, வயது பதிமூன்று, என்று எழுதினார். அவள் சொல்லச் சொல்ல ஒன்றரைப் பக்கம் எழுதி, ஜன்னலில் போய் நின்று வாசித்தார். முதலில் ஒரு மீன்காரர் தொப்பியைக் கழற்றினார். பிறகு தெருவே கழற்றியது. வரிக்கு வரி சிரிப்பு தேய்ந்தது. கடைசி வரியில் ஒருமுறை இருமிவிட்டு நின்றுபோனது.

கொஞ்ச நேரத்தில் லிசாந்த்ரோ கடைத்தெரு வழியாகவே நடந்துவந்தான். முப்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை, நிலைய வாசலில் நின்று காதைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"யம்மா, ஊரு இவ்வளவு அமைதியாவா இருக்கும்?"

எதுவீனா கூடையிலிருந்து ஓர் அடையை எடுத்து நீட்டினாள். அவன் நின்றபடியே தின்றான்.

அடுத்த செவ்வாய், வேலையில்லாவிட்டாலும் பழக்கதோஷத்தில் வந்தாள். வாசலில் ஒன்பது ஆண்கள் வரிசையில் நின்றார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கடைசியில் நின்றவர் உர்பானோ. அவர் முறை வந்தபோது பிலேமோன் தலை நிமிராமல் கேட்டார்.

"வயசு?"

"எழுபத்தொன்னு."

"அது நடந்தப்போ?"

உர்பானோ தொப்பியை இரண்டு கையாலும் பிசைந்தார். "பன்னெண்டு" என்றார்.

பாவி, இதை வைத்துக்கொண்டா என் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாய் என்று எழுந்து ஓர் அறை விடலாமா என்று எதுவீனா நினைத்தாள். அவர் ஒரு கையால் பெஞ்சின் முனையைப் பற்றினார். நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டாள். இப்போதெல்லாம் அந்த ஊரில் செவ்வாய்க்கிழமைகளில் யாரும் தொப்பி போட்டுக்கொண்டு வெளியே வருவதில்லை.