வெளிச்சம் பார்க்க எடுத்த படம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கடவுச்சீட்டுப் படத்தால் கிடைத்தது. "சிரிக்காதீங்க சார், சிரிச்சா திருப்பி அனுப்பிடுவாங்க" என்றாள் படம் எடுத்தவள். நான் சிரிக்கவே இல்லை. படம் அச்சாகி வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நான் பேசாமல் இருக்கத் தெரிந்த ஆள். ஐந்து நிமிடம் போனால் நான் இருப்பதையே மறந்துவிட்டு எதிரிலேயே சண்டை போடுவார்கள். அன்றும் போட்டார்கள்.

அன்று வந்த கோபம் இன்னும் தணியவில்லை. எனவே நடுநிலையான கதைசொல்லி வேண்டுவோர் வேறு கதைக்குப் போகலாம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஆண்டு முடியும் வேளையில், ஒளியைத் துரத்தும் ஒரு பெண் தன் கனவுகளை—"

நிறுத்திவிட்டேன். ஒளியைத் துரத்துகிற யாரையும் நான் பார்த்ததில்லை. இவள் குழந்தைகளின் மூக்கைத் துடைத்தாள், வழுக்கைத் தலைகளில் பவுடர் ஒற்றினாள், கழுத்துப்பட்டைகளை நேராக்கினாள்.

பெஞ்சில் இருந்தபடி காதில் விழுந்ததை நேராகவே சொல்கிறேன். ஸ்டூடியோ முதலாளிக்கு ஒரு வழக்கம். ஆண்டுக் கடைசியில் படம் எடுப்பவர்கள் எல்லோரும் அந்த ஆண்டைத் திரும்பிப் பார்த்து, அடுத்த ஆண்டு என்ன செய்யப்போகிறோம் என்று எழுதித் தரவேண்டும். கூடவே ஆண்டின் சிறந்த படம். எல்லாம் ஸ்டூடியோவின் இணையப் பக்கத்தில் போகும்.

அவள் எழுதியது இது: "அடுத்த ஆண்டு சன்னல் வெளிச்சத்தில் முகங்கள் எடுக்க வேண்டும். யாரிடமும் 'சிரிங்க' என்று சொல்லாமல் ஓர் ஆண்டை ஓட்டிப் பார்க்க வேண்டும்."

முதலாளி படித்துவிட்டு, "சிரிங்கன்னு சொல்லலன்னா இது ஸ்டூடியோவா, போலீஸ் ஸ்டேஷனா?" என்றார். எழுதியதை வெட்டி "மேலும் பல புன்னகைகள்!" என்று மாற்றினார். சிறந்த படத்தையும் அவரே தேர்ந்தெடுத்தார்.

(முதலாளியை முதலில் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். சரிப்படவில்லை. எனக்குத் தண்ணீர் கொடுத்து, மின்விசிறியை என் பக்கம் திருப்பிவைத்தவர். நல்ல மனிதர்தான். அதுதான் இன்னும் எரிச்சல்.)

3

அந்தப் படத்தில் மூன்று பேர். இடப்பக்கம் கணவன், வலப்பக்கம் அவன் அம்மா, நடுவில் மனைவி. மனைவி வாய்நிறையச் சிரிக்கிறாள். மேலே முதலாளி வைத்த தலைப்பு: "சிரிப்பு குடியிருக்கும் வீடு."

அந்த வீட்டைவிட்டு மனைவி வெளியேறிவிட்டாள். இனி அங்கே இருக்க முடியாது, பிரித்துவிடுங்கள் என்று குடும்ப நீதிமன்றத்தில் கேட்டிருக்கிறாள். கணவன் தரப்பு பதிலுக்கு நீட்டியது இந்தப் படத்தைத்தான். இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவளை அவள் அக்காதான் மனதைக் கலைத்துவிட்டாள் என்று வாதம்.

அந்த அக்காதான் என் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். கத்தவில்லை. கைபேசியில் படத்தைக் காட்டினாள்.

"என் தங்கச்சி அந்த வீட்ல சிரிச்சு நான் பாத்ததில்ல. இங்க வந்து பத்து நிமிஷத்துல எப்படிச் சிரிச்சா?"

படம் எடுத்தவள் வாயைத் திறப்பதற்குள் முதலாளி முந்திக்கொண்டார்.

"முகத்தை எல்லாம் மாத்தலம்மா. சரியா உக்கார வெச்சு எடுத்ததுல எதுலயுமே அவங்க சிரிக்கல. வேற ஒரு படத்துல சிரிச்சிருந்தாங்க, அதை எடுத்து இதுல வெச்சோம். அவங்க சிரிப்பத்தான் அவங்களுக்கே குடுத்தோம்.* இதுல என்ன தப்பு?"

 

* அந்த வாக்கியத்தைப் பல நாள் தலைக்குள் உருட்டிப் பார்த்தேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

4

"எந்தப் படத்துல சிரிச்சா?" என்று அக்கா கேட்டாள்.

இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எல்லோரும் தயாராவதற்கு முன், விளக்கு சரியாக விழுகிறதா என்று பார்க்க ஒரு படம் எடுப்பார்கள். யாரும் அதைக் கேட்கமாட்டார்கள். ஆண்டுக் கடைசியில் கணினியைத் துப்புரவாக்கும்போது அழித்துவிடுவார்கள். இந்த ஆண்டுத் துப்புரவு மறுநாள் இருந்தது.

படம் எடுத்தவள் அந்தப் படத்தைத் திரையில் கொண்டுவந்தாள். பெஞ்சிலிருந்து எனக்கும் தெரிந்தது. அதே மூன்று நாற்காலிகள். மாமியார் கைப்பைக்குள் எதையோ தேடுகிறார். நடுவில் மனைவி, அதே சிரிப்பு. இடப்பக்க நாற்காலி காலி.

"அவங்க வீட்டுக்காரரு போன் வந்து வெளிய போயிருந்தாரு. விளக்குல மாட்டற வெள்ளைக் குடை சாஞ்சு என் தலையில கவுந்துடுச்சு. அதுக்குச் சிரிச்சாங்க. அவரு உள்ள வந்து உக்காந்தாரு, சிரிப்பு போயிடுச்சு" என்றாள்.

பிறகு முதலாளியைப் பார்த்துச் சொன்னாள்: "உங்ககிட்ட அப்பவே சொன்னேன், சிரிப்ப எடுத்து வெக்க வேணாம்னு."

"படம் எடுக்கச் சொன்னது அவரு. படம் அவருக்குத்தான் சொந்தம்" என்றார் முதலாளி.

அந்த நேரம் பார்த்து என் படங்கள் அச்சாகி வந்தன. உறையில் போட்டுக் கொடுத்தார்கள். நான் எழுந்து போகவேண்டியிருந்தது.

5

இனி வருவது நான் பார்க்காதது. இட்டுக்கட்டுகிறேன்.

முடிவு, முதல் வகை: அவள் காலி நாற்காலிப் படத்தை அக்காவிடம் கொடுத்துவிடுகிறாள். வேலை போகிறது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றி— இல்லை. எந்த நீதிபதி என் வசதிக்காகக் கண்ணாடியைக் கழற்றப்போகிறார்?

இரண்டாம் வகை: படம் மறுநாள் அழிகிறது. அவள் அடுத்த குடும்பத்திடம் "சிரிங்க" என்கிறாள். இது நடக்கக்கூடியது. எழுதக் கை வரவில்லை.

மூன்றாம் வகை எனக்குப் பிடித்திருந்தது. இணையப் பக்கத்தில் முதலாளி போட்ட படத்தை எடுத்துவிட்டு அவள் காலி நாற்காலியைப் போடுகிறாள். கீழே தன் இலக்கைத் திருத்தி எழுதுகிறாள்: "வெளிச்சம் பார்க்க எடுத்த படங்களை இனி அழிக்கமாட்டேன்." ஊரே பார்க்கிறது. நான் எழுதிமுடித்துக் கைதட்டாத குறை.

அப்போதுதான் உறைத்தது. நடுவில் உட்கார்ந்தவளை இப்போதும் யாரும் கேட்கவில்லை. அவள் முகத்தைக் கணவன் தூக்கிக்கொண்டு போனான், முதலாளி தூக்கிக்கொண்டு போனார், இப்போது நியாயத்தின் பெயரால் நானும் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறேன்.

6

ஆகவே இப்படி எழுதுகிறேன். அக்காவிடம் எண் வாங்கி, முதலாளி பார்க்கப் பார்க்க, படம் எடுத்தவள் போன் போடுகிறாள்.

"ஸ்டூடியோவிலேர்ந்து பேசறேங்க. உங்க தலையில விழாம என் தலையில விழுந்துச்சே குடை, அந்தப் பொண்ணு. நீங்க சிரிச்ச படம் அப்படியே இருக்கு. அதை என்ன செய்யணும்னு நீங்க சொல்லுங்க. நாளைக்கு யார் அழிக்கச் சொன்னாலும் அழிக்கமாட்டேன்."

"இங்க முதலாளி நீயா நானா?" என்கிறார் முதலாளி. அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

மறுமுனையில் பேச்சில்லை. மூச்சு மட்டும் கேட்கிறது.

இந்த இடத்தில் முடிவை வாசகரிடம் ஒப்படைப்பது வழக்கம். தரமாட்டேன். அவள் முகத்தில் என்ன இருக்கவேண்டும் என்று சொல்ல ஏற்கெனவே ஆட்கள் அதிகம். நீங்கள் வேறு எதற்கு? நானும் வாயை மூடிக்கொள்கிறேன்.

[அவள் பேசும்வரை இந்த இடம் காலியாகவே இருக்கும்.]