புண்பட்டவர் பெயர்

தேர்தல் காலத்தில் குன்னூர் தாலுகா ஆபீசில் என் தலையில் விழுந்த வேலை, மேடைப் பேச்சு வீடியோக்களைப் பார்த்து, அந்தப் பேச்சு தேர்தல் நடத்தை விதியை மீறியதா இல்லையா என்று படிவம் நிரப்புவது. ஒரு நாளைக்கு ஆறு கூட்டம். காது புண்ணாகிவிடும்.

அன்று மூன்றாவது வீடியோவில், இரண்டு நாள் முன்பு நடந்த கூட்டத்தில் ஒரு வேட்பாளர், "கப்பலேறி வந்தவங்களுக்கெல்லாம் இங்க ஊட்டுமனை எதுக்குங்க? நாங்க ஜெயிச்சா திருப்பி ஏத்தியுட்டுருவோம்" என்றார். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. என் அப்பா சங்கிலி, இரண்டு அரசாங்கங்கள் கையெழுத்துப் போட்டு சிலோனிலிருந்து அனுப்பிவைத்து, ராமேசுவரத்தில் வந்து இறங்கியவர். அவர் இறந்துபோய்விட்டார். அம்மா இன்னும் எஸ்டேட் லைன் வீட்டில்தான் இருக்கிறாள். முந்தின நாள் ரேஷன் கடையில் அவளிடம், "உங்களுக்குக் கப்பல் எப்பங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். அறுபத்தெட்டு வயதுக்காரி, சர்க்கரை வாங்காமலே திரும்பிவிட்டாள்.

"விதிமீறல்னு எழுதுறேன் சார்" என்றேன்.

வீடியோ பார்க்கும் எங்கள் குழுவின் தலைவர் லிங்கசாமி கோயமுத்தூர்க்காரர். நல்ல மனிதர், அதுதான் கஷ்டம். படிவத்தில் விரலை ஓட்டினார்.

"சாதி பேரு சொன்னாருங்களா? மதம்? இல்லீங்களே. கப்பலேறி வந்தது சாதியுமில்ல, மதமுமில்ல. 'பொதுவாகப் பேசினார்'னு போட்டுருங்க."

எந்தப் பேச்சுக்கும் இந்த ஆபீசில் இதே இரண்டு வார்த்தைதான். கொலை மிரட்டலைக்கூடப் பொதுவாக விடுத்தார் என்று எழுதுவார்கள் போல.

"யாரைச் சொன்னாருன்னு உங்களுக்குப் புரியலையா சார்?"

"புரியுதுங்க. ஆனா புண்பட்டோமுன்னு யாராச்சும் புகார் குடுக்கோணுமல்லங்க?"

"நான் குடுக்குறேன்."

"குழுவுல இருக்கறவங்க குடுக்கப்படாதுங்க. அதுவுமில்லாம, உங்களையா சொன்னாங்க? நீங்க நம்ம ஆபீஸ் ஆளுங்க."

பதினோரு வருடமாகப் பக்கத்து மேசை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழுவிலிருந்து விடுவிக்கச் சொல்லி ஒரு தாள், புகார் ஒரு தாள், இரண்டையும் அங்கேயே எழுதினேன். புண்பட்டவர் பெயர்: ச. இசக்கியம்மா, உதவியாளர். கீழே அம்மா பெயரையும் சேர்த்தேன், பேச்சியம்மா என்று.

லிங்கசாமி இரண்டையும் பொறுமையாகப் படித்தார். பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போடப்போகிறார் என்று நினைத்தேன். புகாரின் ஓரத்தில் சின்னதாக ஒரு குறிப்பு எழுதி, உண்மையான வருத்தத்தோடு என்னிடமே நீட்டினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க அப்பாரு இந்தியாக்காரருதான்னு ஒரு சான்று வெச்சுக் குடுத்தீங்கன்னா, புகாரை எடுத்துக்கலாமுங்க."