இரட்டைப்படைக் கணக்குகள்

மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்த மாதிரிகளைச் சோதிப்பது அவள் வேலை. பதவி உயர்வு வேண்டுமென்றால் பரீட்சை எழுத வேண்டும் என்றார்கள். பள்ளிக்கூடத்தை விட்டுப் பதினான்கு வருடம் ஆகிவிட்டது. கணக்கில் லாக் எனப்படும் மடக்கைப் பாடத்தைத் திறந்ததும் தலை சுற்றியது. அவள் கணவன் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். விஷயம் தெரிந்ததும் பாடத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னான்.

"ஒத்தப்படைக் கணக்கெல்லாம் நீ போடு. ரெட்டப்படை என்னோடது. போன்ல சரிபாத்துக்கலாம்."

"உங்களுக்கு எதுக்குங்க இந்தத் தலைவலி?"

"சாப்டியா, தூங்கினியான்னு எத்தனை நாளைக்குக் கேக்குறது?"

உண்மைதான். கரையை ஒட்டிக் கப்பல் போகும்போதுதான் போன் கிடைக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் இருவருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கணக்கு வந்த பிறகு பேச்சு நிற்கவில்லை.

"மேல எக்ஸ் கனம் பெருக்கல் ஒய், கீழ ரூட் இசட். இதோட லாக்கை விரிச்சு எழுதணும்," என்பான்.

"பெருக்கல் கூட்டலாயிடும். வகுத்தல் கழித்தலாயிடும். அடுக்கு முன்னால வந்துடும்."

"அப்போ மூணு லாக் எக்ஸ், கூட்டல் லாக் ஒய், கழித்தல் அரை லாக் இசட்."

"புருஷன் பொண்டாட்டி பேசுற பேச்சா இது?" என்று வீட்டில் கூட இருக்கும் நாத்தனார் தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒருமுறை, எக்ஸ் கூட்டல் ஒய்யின் லாக்கையும் அவன் இரண்டாகப் பிரித்துவிட்டான்.

"அதைப் பிரிக்க முடியாதுங்க. ரெண்டையும் ஒண்ணுன்னு வெச்சுப் பாருங்க. லாக் ரெண்டு வரணும். உங்க கணக்குல பூஜ்யம் வருது."

"ஒண்ணும் ஒண்ணும் சேர்ந்து பூஜ்யமா? நல்ல குடும்பஸ்தன் நான்."

அதற்குப் பிறகு கப்பல் நடுக்கடலுக்குப் போனது. பத்து நாள் ஆயிற்று, இருபது நாள் ஆயிற்று, போன் வரவில்லை. நிறுவனத்தில் விசாரித்தாள். இயந்திரம் பழுதாகிக் கப்பல் நிற்கிறது, ஆட்களுக்கு ஒன்றுமில்லை என்றார்கள். வேலைக்கு நடுவே கைப்பேசியை எடுத்து எடுத்துப் பார்த்தாள். நோட்டில் ஒன்று, மூன்று, ஐந்து என்று அவள் கணக்குகள் நிறைந்திருந்தன. அவனுக்காக விட்ட இடங்கள் வெள்ளையாகக் கிடந்தன.

"அதையும் போட்டுடுங்களேன் அண்ணி," என்றாள் நாத்தனார்.

"அது அவரோடது."

பரீட்சையன்று காலை, பேருந்தில், வேறு வழியில்லாமல் அவற்றையும் போட்டாள். அவன் இடத்தில் தன் கையெழுத்தைப் பார்த்ததும் கண்ணீர் கண்ணை மறைத்தது. பக்கத்து இருக்கைப் பெண்மணி பரீட்சைப் பயம் என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

நான்கு நாள் கழித்து, ஆய்வகத்தில் இருக்கும்போது போன் வந்தது. அவன்தான்.

"இழுவைக் கப்பல் வந்து எங்களைக் கரையில சேத்துடுச்சு. ரிப்பேர் முடிஞ்சு ஊர் வர ரெண்டு மாசம் ஆகும். ஸ்பேர் பார்ட் இல்லாம சும்மா கிடந்தப்ப என் கணக்கு எல்லாத்தையும் போட்டுட்டேன். பரீட்சைத் தேதி வந்துடுச்சா?"

"எழுதியாச்சுங்க. நல்லா எழுதியிருக்கேன்."

"அப்படியா." காகிதம் மடிக்கும் சத்தம் கேட்டது. "அப்ப இது இனிமே எதுக்கு?"

"மடிக்காதீங்க. ரெண்டாவதுலேருந்து படிங்க. மெதுவா."

அவன் படித்தான். அவள் கையுறையைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் சாய்ந்து கேட்டாள். பதினெட்டாவதில் ஒரு கழித்தல் குறி தப்பு. அவள் சொல்லவில்லை.

"அந்தப் பதினெட்டை இன்னொரு தடவை படிங்க," என்றாள்.