துதிக்கை தெருவைப் பார்த்த லை

எங்கள் சுண்ணாம்புக்காரத் தெருவில், கடைப் பலகைகளில் இருக்கும் லை, ணை, னை, ளை ஆகிய எழுத்துகளுக்குக் காலை பத்து மணிக்குள் தண்ணீர் காட்டிவிட வேண்டும். எல்லாம் பழைய முறைப்படி துதிக்கை வைத்துக் கையால் எழுதியவை. வளையல் கடையின் ளை இரண்டு வாளி குடிக்கும். பலகைகளின் உச்சியில் ‘முருகன் துணை’ என்று பொடியாக எழுதியிருப்பார்கள். அந்த ணைகள் குட்டிகள். ஆளுக்கு ஒரு தம்ளர் போதும்.

என்னுடையது மாலைக் கடை. பலகையை நானே எழுதினேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. மற்ற பலகைகளில் துதிக்கை கடையின் பக்கம் வளைந்திருக்கும். எந்தப் பக்கம் என்று தெரியாமல் என் லையின் துதிக்கையைத் தெருவைப் பார்த்து நீட்டிவிட்டேன். எதிரே சேலைக் கடை வைத்திருக்கும் சொரிமுத்து அன்றைக்கே கேட்டான்.

“அண்ணாச்சி, ஒங்க ஆனை கோவிச்சுக்கிட்டு வெளிய போகுதா?”

தெருவே சிரித்தது. ஒன்பது வருடம் ஆகிறது. அவனோடு நான் பேசுவதில்லை.

அந்த வருடத்திலிருந்து, தை முதல் நாள் என் லை ஒரு மாலையை எடுத்து யார் கழுத்தில் போடுகிறதோ அவர்தான் வியாபாரிகள் சங்கத் தலைவர். எட்டு வருடமும் சொரிமுத்துவுக்கே போட்டது. மாலை நான் கட்டியது. பலகை என்னுடையது. எழுத்தும் என் கை எழுதியது. எட்டு முறையும் நான் பலகைக்கு நேர் கீழே, முக்காலியில், சலவை வேட்டியோடு, கழுத்தைச் சற்று முன்னால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்த எழுத்தை நிமிர்ந்து பார்ப்பதை விட்டுவிட்டேன். தண்ணீர் மட்டும் வைப்பேன், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

இந்த மார்கழியில் அதை அழித்துவிட்டு, துதிக்கை இல்லாத புது லை எழுதச் சொல்லி பெயின்டர் ஜெயசீலியைக் கூப்பிட்டேன். அவள் ஏணியில் ஏறினாள். துதிக்கை அவள் மணிக்கட்டை மோந்தது. பிரஷை மெதுவாக வாங்கிக் கீழே போட்டது.

“எழுதுன கைதான் வேணுமாம் அண்ணாச்சி. நீங்களே ஏறுங்க. ஏணிய நான் புடிச்சுக்கிடுதேன்.”

ஏறினேன். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அதைப் பக்கத்தில் பார்த்தேன். கீழிருந்து கறுப்புப் பெயின்டாகத் தெரிந்தது தோல். சுருக்கம் சுருக்கமாக, அங்கங்கே ரோமத்தோடு இருந்தது. என் பிரஷிலிருந்து சிந்திய சொட்டு என்று நான் நினைத்திருந்தது அதன் கண். அந்தக் கண்ணுக்குள் தெரு தெரிந்தது. சேலைக் கடை தெரிந்தது. வாசலில் நிற்கும் சொரிமுத்துவின் நரைத்த மீசை கூடத் தெரிந்தது. என் முக்காலி தெரியவில்லை. பலகைக்குக் கீழே பார்க்க அதற்கு வழியே இல்லை. அப்படித்தான் நான் எழுதியிருந்தேன்.

அதன் மூச்சு சம்பங்கி வாசத்தோடு என் நெற்றியில் பட்டது. நான் வெகுநேரம் ஏணியிலேயே நின்றேன். பிறகு பிரஷ் நனையாமலே இறங்கி வந்தேன்.

தை முதல் நாள் தெருவைக் கடந்து சேலைக் கடை வாசலுக்குப் போனேன்.

“கொஞ்சம் தள்ளி நில்லுடே” என்றேன்.

“ஒம்பது வருசம் கழிச்சு வாயத் தொறந்து சொல்லுத வார்த்தை இதுதானா?” என்றான் சொரிமுத்து.

“தள்ளுடே.”

தள்ளினான்.

துதிக்கை மாலையை எடுத்தது. மின்கம்பிகளுக்குக் கீழே, தெருவின் முழு அகலத்தையும் கடந்து, அவசரமில்லாமல் வந்தது. இத்தனை பெரியதை என் கையா எழுதியது என்று அண்ணாந்தபடியே நின்றேன். மாலை சொரிமுத்துவின் முன்னால் ஒரு கணம் தயங்கியது. பிறகு ஈரமாக என் கழுத்தில் இறங்கியது.

“நீங்க கட்டுத மாலை நல்ல கனம் அண்ணாச்சி” என்றான் சொரிமுத்து. “எட்டு வருசம் சொமந்தவன் சொல்லுதேன்.”

லை பலகையிலிருந்து இறங்கி வந்து என் முன்னால் மண்டியிட்டது. ஏறிக்கொண்டேன். தெருக்கோடி வரை போனோம். இரண்டு பக்கமும் குட்டிகள் பலகைகளிலிருந்து தண்ணீர் தெளித்தன.

திரும்பி வந்தபோது என் பலகையில் ‘மாக் கடை’ என்று இருந்தது. கோலத்துக்கு வாங்க ஐந்தாறு பெண்கள் தூக்குவாளியோடு வரிசையில் நின்றார்கள். உள்ளே சொரிமுத்து, முழங்கை வரை வெள்ளையாக, பச்சரிசி மா அளந்துகொண்டிருந்தான்.